சாவி யாரிடம் இருந்தது? நம் வட்டாரத்து ஓவியர் ஒருவரின் வாழ்க்கையை எழுதும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி நம் மக்கள் குடியிருந்த பகுதிகளில், படம் வரையத் தெரிந்தவர் என்று எல்லோரும் கைகாட்டும் ஒருவர் இருந்திருக்கிறார். கோயில் விமானத்துச் சுதைகளுக்கு வண்ணம் தீட்டியவரும், நாடகத்துக்குப் படுதா எழுதியவரும், கடைக்குப் போர்டு எழுதியவரும், சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துக் கையில் கரித்துண்டைக் கொடுத்தவரும், ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பிள்ளைகளின் படங்களைச் சுவரில் மாட்டுவதற்காக மண்டபம் கேட்டு அலைந்தவரும் பெரும்பாலும் அந்த ஒருவராகவே இருப்பார். அவர் மறைந்த பிறகு வீட்டுக் கூடத்தில் இரண்டு மூன்று படங்கள் மிஞ்சுகின்றன. மற்றவை அவரை அறிந்தவர்களோடு போய்விடுகின்றன.

இப்படிப்பட்ட ஒருவரின் வாழ்க்கையை நான் நான்கு ஆண்டுகள் செலவிட்டு எழுதி முடித்தேன். குடும்பத்தாரின் விருப்பப்படி அவர் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. அந்த வேலையில் நான் செய்த பிழைகளும் கண்டுகொண்ட வழிகளும், உங்கள் பகுதி ஓவியரைப் பற்றி எழுத நினைக்கும் உங்களுக்குப் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன். 1960களிலும் 1970களிலும் படித்த பிள்ளைகளே இன்று அறுபதையும் எழுபதையும் தாண்டிவிட்டார்கள். ஓவியரோடு சேர்ந்து உழைத்தவர்களுக்கு எண்பது கடந்துவிட்டது. ஆகவே எல்லாவற்றையும் படித்துத் தேர்ந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். இந்த மாதமே ஒரு வீட்டுக்குப் போய்வாருங்கள்.

முதலில் அறைகள்

நான் ஓவியங்களிலிருந்து தொடங்கினேன். அதுதான் என் முதல் பிழை. ஆறு மாதம் வீடு வீடாகச் சென்று படங்களை அளந்து, ஒளிப்படம் எடுத்து, குறிப்பெழுதி வைத்த பிறகு என் கையில் இருந்தது ஒரு சரக்குப் பட்டியல் மட்டுமே. மனிதர் அதில் இல்லை. அவரிடம் படித்த ஒரு பெண்மணிதான் என்னைத் திருத்தினார். வரையக் கற்றுக்கொடுத்தது இரண்டாவது வேலை என்றும், உட்கார்ந்து வரைவதற்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்ததே முதல் வேலை என்றும் அவர் சொன்னார். அன்று மாலையே பழைய குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டுப் புதிய குறிப்பேடு ஒன்றைத் திறந்து, பக்கத்துக்கு ஓர் அறை என்று எழுதத் தொடங்கினேன்.

தென்னாப்பிரிக்காவில் இந்த முறை ஏன் அவசியம் என்பதைச் சொல்லியாக வேண்டும். 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம் யார் எங்கே குடியிருக்கலாம், எங்கே தொழில் நடத்தலாம் என்று நிறத்தை வைத்து வரையறுத்தது. 1953இல் வந்த சட்டமொன்று பொது இடங்களைப் பிரித்து வைத்தது. நம்மவர் ஒருவர் நகரத்தில் நல்லதொரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, எல்லா இனத்துப் பிள்ளைகளையும் உட்கார வைத்து வரையச் சொல்வது எளிதில் நடக்கக்கூடிய காரியம் அல்ல. அதனால் வகுப்பு கோயில் கூடத்தில் நடந்தது; பள்ளி விட்ட பிறகு வகுப்பறையில் நடந்தது; க்ரே தெருக் கடையின் மாடியிலும், ஒருவருடைய கராஜிலும், தேவாலயத்தின் பின்கட்டிலும் நடந்தது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒருவர் சம்மதிக்க வேண்டியிருந்தது. ஒருவர் சாவி தர வேண்டியிருந்தது. ஓவியர் ஒருவர் கலை அமைப்பாளராகவும் வாழ்ந்தார் என்றால், அந்த இரண்டாவது வாழ்க்கை முழுவதும் இந்தச் சாவிகளில்தான் இருக்கிறது.

எனவே, நீங்கள் சந்திக்கும் ஒவ்வொருவரிடமும் முதலில் இடத்தைக் கேளுங்கள். அந்த இடம் யாருடையது, சாவி யாரிடம் இருந்தது, வாடகை உண்டா, யார் கட்டினார், எத்தனை பேர் உட்கார முடிந்தது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, தண்ணீர் எங்கிருந்து எடுத்தார்கள், ஈரப் படங்களை எங்கே காய வைத்தார்கள், ஏன் அந்த இடத்தை விட்டுப் போனார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேள்விகள் சின்னவையாகத் தோன்றலாம். ஆனால் ‘அவர் எப்படிப்பட்டவர்’ என்று கேட்டால் எல்லோரும் ‘மிகவும் நல்லவர், எளிமையானவர்’ என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். தண்ணீர் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டால் பேச்சு ஒரு மணி நேரம் ஓடுகிறது. என் குறிப்பேட்டில் பதினோரு அறைகள் தேறின. அவற்றின் வழியாக, எந்தச் செய்தித்தாளிலும் பெயர் வராத நான்கு பேரைக் கண்டுபிடித்தேன்: பள்ளிக் காவலாளி ஒருவர், சனிக்கிழமைதோறும் தன் காரை வெளியே நிறுத்திவிட்டு கராஜைப் பெருக்கி வைத்த ஒருவர், இருபது பிள்ளைகளுக்குத் தேநீர் போட்ட அவருடைய மனைவி, கோயில் கூட்டத்தில் எதிர்ப்பு எழுந்தபோது வகுப்புக்காகப் பேசிய செயலாளர் ஒருவர். இந்த நால்வரும் இல்லாமல் அந்த ஓவியரின் கதையை எழுதுவது நேர்மையாகாது.

ஆண்டைக் கேட்காமல் ஆண்டைக் கண்டுபிடிப்பது

வயதானவர்களிடம் ‘எந்த ஆண்டு?’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி அவர்களைத் தேர்வெழுத வந்தவர்களைப் போல ஆக்கிவிடுகிறது. அச்சத்தில் ஓர் எண்ணைச் சொல்கிறார்கள், பிறகு அதையே பிடித்துக்கொள்கிறார்கள். அதற்குப் பதிலாக, எல்லோருக்கும் நினைவிருக்கும் நிகழ்வுகளைக் கம்பங்களாக நட்டு, அந்தச் செய்தி எந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவில் விழுகிறது என்று பாருங்கள். டர்பனில் இந்தியர்களுக்கு எதிராக 1949 ஜனவரியில் நடந்த கலவரம் ஒரு கம்பம். குடும்பம் கேட்டோ மேனரிலிருந்தோ மேகசின் பேரக்ஸிலிருந்தோ, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்க்கப்பட்டது இன்னொரு கம்பம். அது பெரும்பாலும் 1960களில் விழும், ஆனால் குடும்பத்துக்குக் குடும்பம் ஆண்டு மாறும். நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு முறையாகத் தொடங்கியது 1976 ஜனவரியில். 1987 செப்டம்பர் வெள்ளத்தையும், 1994 ஏப்ரல் 27 தேர்தலையும் நம் வட்டாரத்தில் மறந்தவர்கள் இல்லை. ‘டிவி வந்த பிறகா, முன்பா?’ என்று கேட்டால் தயக்கமில்லாமல் பதில் வரும். அதன் மேல் வீட்டு நிகழ்வுகளை அடுக்குங்கள்: மூத்த மகள் பிறந்தது, தந்தை இறந்தது, அண்ணன் கல்யாணம்.

தாள்களுக்கும் இதே போன்ற அடையாளங்கள் உண்டு. தென்னாப்பிரிக்காவில் பவுனும் ஷில்லிங்கும் போய் ரேண்ட் வந்தது 1961 பிப்ரவரி 14 அன்று. ஒரு பவுனுக்கு இரண்டு ரேண்ட் என்று கணக்கு. ஆகவே வண்ணம் வாங்கிய ரசீதில் ஷில்லிங் இருந்தால் அது அந்த நாளுக்கு முந்தையது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். நான்கு இலக்க அஞ்சல் குறியீடு 1973இல்தான் வந்தது. கண்காட்சி அழைப்பிதழின் முகவரியில் அந்த எண் இருந்தால் அழைப்பிதழ் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. சாட்ஸ்வர்த்தின் தெருக்களுக்குத் தொடக்கத்தில் பெயரில்லை, எண்கள்தான். கடிதத்தில் தெரு எண் இருக்கிறதா, பெயர் இருக்கிறதா என்பதும் ஒரு தடயம். நகரத்தில் 2008ஐ ஒட்டித் தெருப் பெயர்கள் பல மாறிவிட்டன. க்ரே தெரு இன்று டாக்டர் யூசுஃப் தாதூ தெரு. விக்டோரியா தெரு பெர்தா ம்கிஸே தெரு. பழைய முகவரியைப் பழைய பெயராலேயே எழுதி, புதிய பெயரைப் பக்கத்தில் ஒருமுறை குறிப்பிட்டால் போதும். இளைய வாசகர் அந்த இடத்தைப் போய்ப் பார்க்க அது உதவும்.

நிறுவனங்களின் பெயர்களிலும் இதே கவனம் வேண்டும். இந்தியர்களுக்கென்று 1961இல் சாலிஸ்பரி தீவில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, பின்னர் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாகி, 2004இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆனது. டெக்னிகான் என்ற உயர் தொழிற்கல்லூரிகளில், எம். எல். சுல்தான் டெக்னிகானும் நேட்டால் டெக்னிகானும் 2002இல் ஒன்றாயின. உங்கள் ஓவியர் 1966இல் தீவுக்குப் படகில் சென்று படித்திருந்தால், அவர் வெஸ்ட்வில்லில் படித்தார் என்று எழுதுவது பிழை. படகும் கடற்காற்றும் அவருடைய இளமையில் இருந்தன, அவற்றை அழிக்கக் கூடாது.

பேச வைப்பதும் பேசாமல் இருப்பதும்

பேட்டிக்குப் போகும்போது இரண்டு பதிவுக் கருவிகள் எடுத்துச் செல்லுங்கள். ஒன்று கைப்பேசியாக இருக்கலாம். ஒரே கருவியை நம்பி நான் ஒரு முழு மதியத்தை இழந்தேன். அடுத்த மாதம் மறுபடியும் சென்றபோது அந்தப் பெரியவர் மருத்துவமனையில் இருந்தார், அதன் பிறகு வீடு திரும்பவில்லை. பதிவின் தொடக்கத்திலேயே நாள், இடம், பேசுபவரின் பெயர், உங்கள் பெயர் ஆகியவற்றை உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். அன்று இரவே கோப்பை இரண்டு இடங்களில் நகலெடுங்கள்.

நம் பெரியவர்களை ஆன்ட்டி, அங்கிள் என்று அழைப்பதே இங்குள்ள வழக்கம். மிக மூத்தவர்களைத் தாத்தா, ஆயா என்று அழைப்போம். பேட்டி என்பதற்காக அந்த உறவுமுறையை விட்டுவிட்டு அலுவலக மொழிக்குத் தாவாதீர்கள். பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். நடுவில் தமிழ்ச் சொற்கள் எழும்பி வரும். அந்தச் சொற்கள் எங்கே எழும்புகின்றன என்று கவனியுங்கள். என் அனுபவத்தில் அவை மூன்று இடங்களில் தவறாமல் வந்தன: சாமி காரியம், சமையல், சாவு. ஓவியர் பிள்ளைகளைத் திட்டியதும் தமிழில்தான். அந்தச் சொற்களை அவர்கள் உச்சரித்தபடியே எழுதி வையுங்கள். ஊர்நாட்டுத் தமிழுக்கு ஏற்பத் திருத்திவிட்டால், ஐந்து தலைமுறையாக இந்த மண்ணில் நாம் காத்துவந்த ஒலி போய்விடும்.

படங்களையோ பழைய புகைப்படங்களையோ கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். அமைதி நீளும்போது கேள்வி கேட்கத் தோன்றும், கேட்காதீர்கள். விரல் எந்த முகத்தின் மேல் போய் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். இரண்டாவது சந்திப்பை முதல் சந்திப்பின்போதே உறுதிசெய்து கொள்ளுங்கள், ஏனென்றால் மனக்கசப்புகள், கடன்கள், பிரிந்து போனவர்கள் பற்றியெல்லாம் முதல் நாளில் யாரும் சொல்வதில்லை. இன்னொன்று: வீட்டுக்காரர் பேசிக்கொண்டிருக்கும்போது சமையலறையிலிருந்து வரும் திருத்தங்களைப் பதிவு செய்யத் தவறாதீர்கள். ‘அது கிளேர்வுட்டில் இல்லை, மெரிபேங்கில்’ என்று உள்ளிருந்து வந்த குரல் என்னுடைய ஒரு முழு அத்தியாயத்தைக் காப்பாற்றியது.

தாள்கள் எங்கே கிடைக்கும்

குடும்பத்திடம் இருக்கும் பெட்டியை விட, அவர் பணியாற்றிய சங்கங்களின் நடவடிக்கைக் குறிப்பேடுகள்தான் அமைப்பாளரைக் காட்டும். கோயில் குழு, தமிழ்ப் பள்ளிக் குழு, நாடகக் குழு, விளையாட்டு மன்றம், பெற்றோர் சங்கம் ஆகியவற்றின் பழைய குறிப்பேடுகளையும் கணக்குப் புத்தகங்களையும் பார்க்க அனுமதி கேளுங்கள். ‘ஓவிய வகுப்புக்கு மண்டபம் கோரிய கடிதம் வாசிக்கப்பட்டது; அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது’ என்பது போன்ற ஒரு வரியில், ஒரு மனிதர் எத்தனை மாதம் காத்திருந்தார் என்பது இருக்கும். வெள்ளையடிக்கும்போது பழைய ஏடுகளைக் குப்பையில் போட்டுவிட்ட சங்கம் ஒன்றையும் நான் கண்டேன். அதனால், ஏட்டைப் பார்த்த அன்றே பக்கம் பக்கமாக ஒளிப்படம் எடுத்து, ஒரு நகலைச் சங்கத்துக்கே கொடுத்துவிடுங்கள்.

செய்தித்தாள்களில், 1903இல் டர்பனில் காந்தி தொடங்கி 1961 வரை வெளிவந்த இந்தியன் ஒப்பீனியன் பழைய தலைமுறைக்கு உதவும். தொடக்க ஆண்டுகளில் அதில் தமிழ்ப் பகுதியும் இருந்தது. பிற்காலத்துக்கு லீடர், கிராஃபிக், போஸ்ட் ஆகிய வார இதழ்களைப் புரட்டுங்கள். கலைப் பக்கத்தை மட்டும் பார்க்காமல், கோயில் விழா, பள்ளிப் பரிசளிப்பு, இசை-பேச்சுப் போட்டி அறிவிப்புகளையும் இரங்கல் செய்திகளையும் பாருங்கள். 1966 முதல் இந்தியர் விவகாரத் துறை வெளியிட்ட ஃபியட் லக்ஸ் இதழில் நம் ஓவியர்களைப் பற்றிய அழகான கட்டுரைகளும் படங்களும் இருக்கும். அது அன்றைய அரசின் குரல் என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள். மண்டபம் கிடைத்த செய்தி அதில் வரும். கிடைக்காத செய்தி வராது.

வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுதூலி ஆவண மையம், டர்பன் டெர்பி தெருவின் 1860 மரபு மையம், கில்லி கேம்ப்பெல் நூலகம், பீட்டர்மரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகம் ஆகியவற்றுக்குப் போகும் முன் பெயர்களின் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கவுண்டர் என்பது இங்கே கோவெண்டர் ஆகியிருக்கும். முதலி மூட்லி ஆகியிருக்கும். தந்தையின் பெயரே அடுத்த தலைமுறைக்குக் குடும்பப் பெயராகியிருக்கும். 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு மதராசிலிருந்து வந்து சேர்ந்த ட்ரூரோ முதல் 1911இல் வந்த கடைசிக் கப்பல் வரை, ஒப்பந்தக் கூலிகளாக வந்த 1,52,184 பேருக்கும் கப்பல் பட்டியலில் எண்கள் உண்டு. தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடலடையாளம் ஆகியவை அங்கே பதிவாகியிருக்கின்றன. ஊர்ப் பெயர் எழுத்தரின் காதுக்கு எட்டியபடி எழுதப்பட்டிருப்பதால், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்; கண்ணுக்குப் புலப்படாத ஊர் காதுக்குப் புலப்படும். ஆனால் இந்தப் பகுதியில் அதிகம் தங்கிவிடாதீர்கள். பலர் கப்பலிலேயே மூன்று அத்தியாயங்களைச் செலவிட்டு, ஓவியர் தூரிகையைத் தொடுவதற்குள் களைத்துவிடுகிறார்கள். மூதாதையர் பற்றி ஒரு பக்கம் போதும்.

மறைந்தவரைப் பற்றி எழுதுவதானால், இறந்தவரின் சொத்து விவகாரங்களைக் கவனிக்கும் உயர்நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் குடும்பத்தார் தாக்கல் செய்யும் இறப்பு அறிவிப்புப் படிவத்தை அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். பெற்றோர், பிறந்த இடம், மணத்துணை, பிள்ளைகள் ஆகிய விவரங்கள் ஒரே தாளில் கிடைக்கும். பிள்ளைகளின் வரிசையைச் சரிபார்க்க இதைவிட நல்ல தாளை நான் காணவில்லை.

படங்களைப் பார்க்கும் முறை

இப்போது ஓவியங்களுக்கு வரலாம். ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் ஒளிப்படம் எடுங்கள். பின்பக்கமே அதிகம் பேசும். சட்டகக் கடையின் ஒட்டுத்தாள், பென்சிலில் எழுதிய விலை, முதலில் வைத்துப் பிறகு அடித்த தலைப்பு, கண்காட்சி எண் எல்லாம் அங்கேதான் இருக்கும். உயரத்தை முதலிலும் அகலத்தை அடுத்தும் சென்டிமீட்டரில் எழுதுங்கள். கேன்வாஸா, ஹார்ட்போர்டா, காகிதமா என்று குறியுங்கள். கேன்வாஸ் விலை கொடுத்து வாங்க முடியாதவர்கள் ஹார்ட்போர்டில் வரைந்தார்கள். அதன் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் வலைபோன்ற சொரசொரப்பாகவும் இருக்கும். என்னுடைய ஓவியர் இளமையில் சொரசொரப்பான பக்கத்திலும் பிற்காலத்தில் வழவழப்பான பக்கத்திலும் வரைந்தார்; நாள் குறிக்காத பல படங்களை அதை வைத்தே வரிசைப்படுத்த முடிந்தது. போர்டு எழுதி மிஞ்சிய எனாமல் பெயின்ட்டைப் படத்துக்கும் பயன்படுத்தியிருக்கிறாரா என்று பாருங்கள். பயன்படுத்தியிருந்தால் அது எந்தக் கடைப் போர்டின் நிறம் என்று பழையவர்கள் சொல்லக்கூடும். டர்பனின் ஈரக்காற்றில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். பூஞ்சை பிடித்த படத்தை நீங்களாகத் துடைக்காதீர்கள். வெளிச்சுவரில் மாட்டியிருந்தால் உட்சுவருக்கு மாற்றச் சொல்லுங்கள், அது போதும்.

சட்டகத்துக்குள் அடங்காத வேலைகளைத் தேடுவதற்கு வேறு வழி வேண்டும். இங்கே சிக்ஸ்-ஃபுட் டான்ஸ் என்று பெயர் பெற்ற தெருக்கூத்துக்கும், பிற்கால மேடை நாடகங்களுக்கும் எழுதிய படுதாக்கள் மழையில் நனைந்து கிழிந்து போயின. காவடிகளும் தேர்ச் சித்திரங்களும் அந்தந்த ஆண்டோடு கலைந்தன. கோயிலிலோ, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்று புது வண்ணம் பழைய வண்ணத்தை மூடிவிடுகிறது. ஆகவே மக்களின் கல்யாண ஆல்பங்களையும் தைப்பூசப் படங்களையும் கேட்டு வாங்கி, மனிதர்களை விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். மணமக்களுக்குப் பின்னால் தொங்கும் தாமரைக்குளப் படுதா, காவடி தூக்கியவரின் தோளுக்கு மேலே தெரியும் மயில், கடை வாசலில் நின்ற குடும்பத்தின் தலைக்கு மேலிருந்த எழுத்து ஆகியவற்றிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட வேலைகளை நான் மீட்டேன்.

கோயில் வேலையை ஒருவருடையது என்று எழுதும் முன் கட்டடத்தின் வரலாற்றைப் பாருங்கள். உம்பிலோ ஆற்றங்கரையில் 1875இல் எழுந்த அம்பலவாணர் ஆலயத்தை 1905ஆம் ஆண்டு வெள்ளம் கொண்டுபோயிற்று. இன்று நாம் காணும் ஆலயம் 1947இல் எழுந்தது. அங்கே தன் தாத்தா 1920களில் வண்ணம் தீட்டினார் என்று ஒருவர் மனமாரச் சொன்னால், அது இன்றைய கட்டடத்தில் இருக்க முடியாது. அவரைப் பொய்யர் என்று எண்ணிவிடாமல், எந்தக் கோயில், எந்த இடம் என்று பொறுமையாக மறுபடி கேளுங்கள். உண்மை பெரும்பாலும் பக்கத்துக் கோயிலில் இருக்கும்.

உரிமையும் ஒப்புதலும்

படத்தை வைத்திருப்பவர் அனுமதித்தால் அச்சிடலாம் என்று நான் நினைத்திருந்தேன், அது சரியன்று. படத்தை வாங்கியவருக்குப் படம்தான் சொந்தம். 1978ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியரின் வாழ்நாளும் அதற்குப் பின் ஐம்பது ஆண்டுகளும் உரிமை அவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உரியது. இதற்கு ஒரு விலக்கு உண்டு: ஒருவர் பணம் கொடுத்துத் தன் உருவப்படத்தை வரையச் சொல்லியிருந்தால், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், உரிமை வரையச் சொன்னவருக்கே சேரும். நம் ஓவியர்கள் வீட்டுப் பெரியவர்களின் உருவப்படங்களை நிறைய வரைந்திருப்பதால் இது அடிக்கடி குறுக்கிடும். இரு தரப்பிலும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பேட்டி கொடுத்தவர்களிடமும் ஒரு பக்க ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்குங்கள்; எந்தப் பகுதியை வெளியிட வேண்டாம் என்று சொல்கிறார்களோ அதை அந்தத் தாளிலேயே குறித்துவிடுங்கள். உயிரோடிருப்பவர்களின் நோய், கடன், அடையாள எண், முகவரி ஆகியவற்றை நூலில் போடாதீர்கள்.

எழுத உட்காரும்போது

அறைகளின் வரிசையே அத்தியாயங்களின் வரிசையாகட்டும் என்பது என் யோசனை. பிறப்பு, கல்வி, திருமணம், விருது, மறைவு என்று போனால் இரங்கல் மலராகிவிடும். ஓர் அறையில் தொடங்கி, அங்கே யார் வந்தார்கள், என்ன வரைந்தார்கள், அந்த ஆண்டுகளில் அவர் தனக்காக என்ன வரைந்தார், சாவி எப்படிக் கைமாறியது என்று போனால், ஓவியரும் அமைப்பாளரும் ஒரே பக்கத்தில் நிற்பார்கள். என் நூலில் இதனால் ஒரு கசப்பான உண்மையும் வெளிப்பட்டது. வகுப்பு மிகச் சிறப்பாக நடந்த ஆறு ஆண்டுகளில் அவர் தனக்கென்று வரைந்த படங்கள் ஒன்பதே. அவர் மனைவிக்கு இது தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்த ஒன்பது படங்களையும் எதிரெதிரான இரண்டு பக்கங்களில் ஒன்றாக அச்சிட்டேன்.

நாட்டின் பெரிய நிகழ்வுகளோடு அவரைச் சேர்த்து வைக்கும் இடத்தில் மிகவும் கவனம் வேண்டும். அவர் வாழ்ந்த காலத்தில் இங்கே பல முயற்சிகள் நடந்தன. ஸ்வீடனிலிருந்து வந்த கொவேனியஸ் தம்பதியர் 1962இல் தொடங்கிய ரோர்க்ஸ் டிரிஃப்ட் கலைமையத்திலிருந்து, லினோலியத் தகட்டில் செதுக்கி அச்சிடும் லினோ அச்சுக் கலைஞர்கள் உருவானார்கள். 1977இல் கேப்டவுனில் சமூகக் கலைத் திட்டம் பிறந்தது. 1982 ஜூலையில் போட்ஸ்வானாவின் கபரோனியில் கலைஞர்கள் கூடி, கலைக்கும் போராட்டத்துக்கும் உள்ள உறவை விவாதித்தார்கள். டர்பனில் 1945இல் பிறந்த ஓமர் பாட்ஷா, ஓவியராகத் தொடங்கித் தொழிற்சங்க வேலையில் இறங்கி, ஒளிப்படக் கலைஞராகி, 1982இல் ஆஃப்ரபிக்ஸ் என்ற ஒளிப்படக் கூட்டமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரானார். வரைவதும் ஆட்களைத் திரட்டுவதும் ஒரே வாழ்க்கைக்குள் எப்படி அமர்கின்றன என்பதைக் காண அவருடைய வரலாற்றைப் படிப்பது நல்லது. ஆனால் உங்கள் ஓவியர் இவர்களைச் சந்தித்தார், இவற்றால் தூண்டப்பட்டார் என்று எழுத ஒரு கடிதமோ, ஒளிப்படமோ, நேரில் கண்டவரின் சொல்லோ வேண்டும். இல்லையென்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள். கோயில் கூடத்துச் சாவிக்காகப் பதினான்கு மாதம் நடந்தவரின் வாழ்க்கைக்குப் பக்கத்து வெளிச்சம் தேவையில்லை.

சண்டைகளையும் எழுதுங்கள். எல்லா இனத்துப் பிள்ளைகளையும் சேர்ப்பதா, கோயில் கூடத்தில் மனித உடலை வரையலாமா, அரசு தரும் பணத்தை வாங்கலாமா என்று நம் சங்கங்களில் கடும் வாதங்கள் நடந்திருக்கின்றன. இரு பக்கத்தையும் அவரவர் நியாயத்தோடு எழுதுங்கள். எதிர்த்துப் பேசியவரின் பேரப்பிள்ளைகளும் அந்த நூலைப் படிப்பார்கள். பணத்தையும் எழுதுங்கள். வகுப்புக் கட்டணம் எவ்வளவு, காகிதம் யார் வாங்கினார், கண்காட்சியில் விற்றது எவ்வளவு, சட்டகக் கடைக்குப் பாக்கி எவ்வளவு என்பவை இல்லாத வாழ்க்கை வரலாறு காற்றில் மிதக்கும். அவர் மனைவியின் சம்பளத்தில்தான் வீடு நடந்தது என்றால் அதை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுங்கள்.

முழு வரைவு தயாரானதும், குடும்பத்தில் மூத்தவர் ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவருக்குத் தமிழ் எழுத்து வராமல் இருக்கலாம், ஆனால் கேட்டால் புரியும். நான் மூன்று மாலைகள் படித்தேன். முப்பத்தொரு திருத்தங்கள் கிடைத்தன, அவற்றில் பெரும்பாலானவை உறவுமுறைகள்.

தேசிய நூலகத்திடம் ஐஎஸ்பிஎன் எண் பெற்றுக்கொள்ளுங்கள். வெளியாகும் நூலின் பிரதிகளைக் குறிப்பிட்ட நூலகங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்கிற 1997ஆம் ஆண்டின் சட்டப்படி நூல் சேர வேண்டிய இடங்களில் பீட்டர்மரிட்ஸ்பர்க்கின் ம்சுண்டூசி நகராட்சி நூலகமும் ஒன்று. நமக்கு அருகில் இருப்பதால் அங்கே நேரில் சென்று கொடுக்கலாம். பேட்டிப் பதிவுகள், ஒப்புதல் தாள்கள், குறிப்பேட்டு ஒளிப்படங்கள் ஆகியவற்றின் ஒரு முழுத் தொகுதியை ஆவண மையத்துக்கும், மற்றொன்றைக் குடும்பத்துக்கும் கொடுங்கள். பிறகு அறைகளின் பட்டியலை எடுத்து, இன்றும் நிற்கும் ஒவ்வோர் அறைக்கும் நூலின் ஒரு பிரதியைக் கொண்டுபோய், இப்போது சாவி வைத்திருப்பவரின் கையில் கொடுத்து வாருங்கள்.